பச்சமலை: வெள்ளையா வந்த வானமும் எடுக்காம விட்ட படங்களும்

அரும்பாவூர்ல எங்க அம்மாயி வீட்டு மொட்டை மாடியில நின்னா மேற்கால ஒரு நீலக்கோடு தெரியும். முழுப்பரீட்சை லீவுக்குப் போற ஒவ்வொரு வருஷமும் காலையில பல்லு வெளக்கிக்கிட்டே அந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். பேரு பச்சமலை. ஆனா நான் பார்த்த வரைக்கும் ஒரு நாளும் அது பச்சையா இருந்ததில்ல. "நீலமால்ல இருக்கு, அப்புறம் ஏன் பச்சமலைங்கிற?"ன்னு அம்மாயிகிட்ட கேட்டா, "கிட்ட போயி பாரு"ன்னு ஒரே பதில்தான். கிட்ட போய்ப் பார்க்க எனக்கு இருபத்தெட்டு வயசு ஆயிடுச்சு. :)

இந்தப் பதிவுக்கு ஆரம்பம் மலை இல்லை, ஒரு தகரப்பெட்டி. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப பரண்ல இருந்து இறக்கினது. உள்ளே குடும்பத்துப் பழைய படங்கள். கல்யாணம், காதுகுத்து, யாரோ ராணுவத்துல சேர்ந்தப்ப எடுத்தது, அம்மா பத்தாவது பாஸ் பண்ணினப்ப எடுத்தது. எல்லாமே ஸ்டுடியோ படம். அதுல நாலஞ்சு படத்துல பின்னாடி துணியில வரைஞ்ச மலை இருக்கு. உச்சியில பனி, கீழே ஒரு ஏரி, ஏரிக்கரையில ஓட்டுக்கூரை போட்ட சீமை வீடு. சுவிட்சர்லாந்து! ஜன்னலைத் திறந்தா நிஜ மலை தெரியுற ஊர்ல, பொய் மலை முன்னாடி நின்னு படம் எடுத்திருக்காங்க. நிஜ மலை அந்தப் பெட்டியில ஒரு படத்துல கூட இல்லை.

ஏன் இல்லைன்னு யோசிக்க ஆரம்பிச்சதுதான் வினை. கேமராவைத் தூக்கிக்கிட்டு ஏப்ரல் மாசம் கிளம்பிட்டேன்.

அரும்பாவூர்ப் பக்கமிருந்து மலைக்கு ஒத்தையடிப் பாதைகள் உண்டு. மலையாளப்பட்டின்னு அடிவாரத்துல ஊரே இருக்கு. கேரளாவுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லை, அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். ஆனா கோடையில காட்டுக்குள்ள நடந்து ஏறுறது நடக்காத காரியம். 2018 மார்ச் 11-ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி மலையேறப் போனவங்க இருபத்து மூணு பேர் செத்தாங்களே, அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னு தனியா விதிகளே போட்டாங்க. தீ பிடிக்கிற மாசத்துல அனுமதி கிடைக்காது. நியாயம்தான். அதனால வண்டியை எடுத்துக்கிட்டு பெரம்பலூர், துறையூர்னு மலையைச் சுத்தி வந்து, சோபனபுரம் வழியா மேல ஏறினேன். வீட்டு மாடியில இருந்து கண்ணு முன்னாடி தெரியுற மலைக்கு முக்கால்வாசி நாள் பிரயாணம்.

கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிஞ்சு மேல போனதும் முதல்ல வர்றது ஏமாற்றம். ஊட்டி மாதிரி, கொடைக்கானல் மாதிரி ஏதோ ஒண்ணை எதிர்பார்த்துப் போறோம். இங்க மலை ஏறினா மறுபடியும் தரைதான். 500 மீட்டர்ல இருந்து 1000 மீட்டர் வரைக்கும் உயரமுள்ள மேட்டுச் சமவெளி இது. செம்மண்ணு, அங்கங்க முந்திரித் தோப்பு, கிழங்கு பிடுங்கி முடிச்ச மரவள்ளிக் காடு, நடுவுல ஒத்தையா ஒரு பலாமரம், தூரத்துல இன்னொரு மேடு. கிழக்குத் தொடர்ச்சி மலையோட துண்டு இது. கொல்லிமலை, கல்ராயன், சேர்வராயன் எல்லாம் அக்கம்பக்கத்துச் சொந்தக்காரங்க.

சத்தமே இல்லை. நிஜமாவே இல்லை. மதியம் ஒரு மணிக்கு முந்திரி மரத்தடியில உக்காந்திருந்தா நம்ம காதுக்குள்ள ரத்தம் ஓடுறது கேக்குது. நான் எடுத்த முதல் முப்பது நாப்பது படமும் அந்த அமைதியைப் பிடிக்கிறதாத்தான் நெனைச்சு எடுத்தேன். ஆள் இல்லாத சமவெளி, ஆள் இல்லாத பாதை, ஆள் இல்லாத மரம். சாயங்காலம் கேமராவுல ஓட்டிப் பார்த்தா எல்லாத்துலயும் வானம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கு.

படம் எடுக்கிற மக்களுக்கு ஒரு குறிப்பு. ஏப்ரல் 20 வாக்குல இந்த அட்சரேகையில சூரியன் உச்சிப்பொழுதுக்கு நேரா தலைக்கு மேல வந்துடும். கம்பத்துக்கு நிழல் கிடையாது, மனுஷனுக்கு நிழல் கால்மாட்டுலயே அடங்கிடும். நிழல் இல்லேன்னா மேடு எது பள்ளம் எதுன்னு படத்துல தெரியாது, எல்லாம் சப்பாத்தி மாதிரி தட்டையாயிடும். கூடவே தூசியும் ஈரமும் கலந்த வெயில்மூட்டம். காலையில ஏழு மணிக்குள்ள எடுக்கணும். இல்லேன்னா ஒரு கோடைமழை பெஞ்ச மறுநாள் எடுக்கணும். மத்த நேரத்துல கேமராவைப் பைக்குள்ள போட்டுட்டு நல்லா தூங்கலாம்.

அந்த வெள்ளை வானத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது லின்னேயஸ் ட்ரைப்.

தெரியாதவங்களுக்காக: கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துல கேப்டன். 1855-ல பர்மா ராஜா அரண்மனைக்குப் போன தூதுக்குழுவோட போய் அங்க படம் எடுத்தவர். அப்புறம் சென்னை மாகாண அரசாங்கத்தோட போட்டோகிராபரா நியமிச்சாங்க. 1857 டிசம்பர்ல பெங்களூர்ல இருந்து கிளம்பி சேலம் ஜில்லா, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு ஒரு சுத்து சுத்தினார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரம். இவர் பெட்டி பெட்டியா ரசாயனத்தையும் காகிதத்தையும் ஏத்திக்கிட்டு கோயில் கோயிலாப் போய்க்கிட்டு இருந்தார். மலைக்கோட்டை, திருமலை நாயக்கர் மகால், பெரிய கோயில்னு நம்ம ஊருங்களோட ஆகப் பழைய நல்ல படங்கள்ல பாதி இவர் எடுத்தது. பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 துண்டா எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். இன்னைக்கு போன்ல பனோரமான்னு அமுக்குறோமே, அதை 1858-ல கையால பண்ணின மனுஷன்.

அவர் வச்சிருந்தது மெழுகுக் காகித நெகட்டிவ். பிரான்ஸ்ல குஸ்தாவ் லெ கிரே 1851-ல சொல்லிக்கொடுத்த முறை. அதே 1851-ல இங்கிலாந்துல ஆர்ச்சர் கண்டுபிடிச்ச ஈரக் கண்ணாடித் தகடு இன்னும் துல்லியமா வரும். ஆனா தகட்டுல மருந்து பூசினா காயறதுக்குள்ள எடுத்து, காயறதுக்குள்ள கழுவணும். நம்ம வெயில்ல அது எவ்வளவு நேரம் ஈரமா இருக்கும்? மெழுகுக் காகிதத்தை முன்னாடியே தயார் பண்ணி வச்சுக்கலாம், நாள் கழிச்சும் எடுக்கலாம். வெப்ப நாட்டுக்கு ஏத்த சரக்கு.

ஆனா அதுக்கும் ஒரு கண்கோளாறு இருந்தது. அந்தக் காலத்து நெகட்டிவ் எதுவா இருந்தாலும் நீல வெளிச்சத்தையும் அதைத் தாண்டின புற ஊதாவையும் மட்டும்தான் நல்லா பார்க்கும். பச்சையும் சிவப்பும் அதுக்கு இருட்டு. நீல வானம் படத்துல வெள்ளையா வெந்துபோயிடும். ட்ரைப் என்ன பண்ணினார் தெரியுமா? நெகட்டிவ் மேல சாயத்தால மேகம் வரைஞ்சார். மரத்து இலைகளைக் கூடத் தொட்டுத் திருத்தினார். நம்மாளு போட்டோஷாப்ல வானம் ஒட்டுறதைத் திட்டுறவங்க கொஞ்சம் பொறுங்க, 160 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. :)

இப்ப இதைப் பச்சமலைக்குப் பொருத்திப் பாருங்க. செம்மண்ணு, பச்சை மரம். நெகட்டிவுக்குத் தெரியாத அதே ரெண்டு நிறம். கிட்ட போய் எடுத்தா எல்லாம் கருப்பா அப்பிக்கும். அம்மாயி வீட்டு மாடியில இருந்து, அதாவது தூரத்துல இருந்து எடுத்தா? தூரத்து மலை நீலம், வானமும் நீலம். ரெண்டும் ஒண்ணா வெந்து வெள்ளையாகிப் போயிடும். நான் சின்ன வயசுல பார்த்த அந்த நீலக்கோடு, அந்தக் காலத்து நெகட்டிவுல இருக்கிற இடமே தெரியாது. 1873-ல ஜெர்மன்காரர் ஃபோகல் சாயம் கலந்து பச்சையையும் பார்க்க வச்சார். சிவப்பு வரைக்கும் எல்லா நிறமும் பார்க்குற தகடு கடைக்கு வந்தது 1906-ல. என் படத்துல வானம் வெளுத்ததுக்குக் காரணம் வேற. கேமரா சென்சாருக்கு நிழலையும் வெயிலையும் ஒரே நேரத்துல தாங்க முடியலை. ஆனா விளைவு ஒண்ணுதான்.

ட்ரைப்போட ஆல்பத் தலைப்புகள்ல ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவோட மத்த இடங்களும் இருக்கு, பச்சமலை இல்லை. அவருக்கும் அதிக நாள் கொடுத்து வைக்கலை. 1859-ல கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெலியன், இதெல்லாம் வீண் செலவுன்னு சொல்லி அந்தப் போட்டோ பிரிவையே இழுத்து மூடிட்டார். செலவைக் குறைக்க வந்த மேனேஜர் முதல்ல எதை வெட்டுவார்ங்கிறது எல்லாக் கம்பெனிக்கும் ஒண்ணுதான் போல, அது அரசாங்கமா இருந்தாலும்.

ஆனா மருந்தும் காகிதமும் மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. அதே காலத்துல நீலகிரியை விதவிதமா எடுத்துத் தள்ளியிருக்காங்களே! 1865 வாக்குல ஊட்டிக்கு வந்த ஏ.டி.டபிள்யூ. பென் அங்கேயே ஸ்டுடியோ போட்டு தோடர்களை, மந்துகளை, ஏரியை, துரைமார் வீட்டை எல்லாம் எடுத்தார். 1873-ல வந்த பிரீக்ஸோட நீலகிரிப் பழங்குடிகள் புத்தகத்துல போட்டோக்களையே ஒட்டி வச்சாங்க. காரணம் எளிது. வெள்ளைக்காரன் எங்க வெயிலுக்குத் தப்பிச்சுப் போய்க் குடியிருந்தானோ, அங்க கேமரா போச்சு. ஜான் சல்லிவன் ஊட்டியைப் பிடிச்சார். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-கள்ல சேர்வராயன்ல காபி போட்டார், ஏற்காடு வந்தது. கொல்லிமலைக்கும் பச்சமலைக்கும் கெடைச்ச பேரு வேற: காய்ச்சல் மலை. மலேரியா. போனவன் நடுங்கிக்கிட்டே இறங்கினான். கொசுதான் அதைப் பரப்புதுன்னு ரொனால்டு ராஸ் செகந்திராபாத்துல கண்டுபிடிச்சதே 1897-லதான். நாடு முழுக்க மலேரியா ஒழிப்புத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சு வீடு வீடா மருந்தடிச்சது 1953-க்கு அப்புறம்.

ஒரு விதத்துல அந்தக் கொசுதான் இந்தச் சமவெளியைக் காப்பாத்துச்சுன்னு எனக்குத் தோணுது. இங்க துரைமார் பங்களா இல்லை, கிளப் இல்லை, படகுச்சவாரி இல்லை. இதை நான் மேல ஒரு பெட்டிக்கடையில சொன்னேன். கடைக்காரர் டீயை ஆத்திக்கிட்டே, "காப்பாத்துச்சா? எங்க பாட்டன் கூடப்பொறந்தவங்க ஏழு பேருல அஞ்சு பேரு காய்ச்சல்லதான் போனாங்க"ன்னார். அதுக்கப்புறம் நான் டீயை மட்டும் குடிச்சேன்.

சரி, மலையாளிக் கதைக்கு வருவோம். பச்சமலையில இருக்கிறவங்க மலையாளிங்க. மலையை ஆள்றவங்க, மலையில இருக்கிறவங்கன்னு அர்த்தம். பேசுறது தமிழ், கேரளாவுக்குச் சம்பந்தமில்லை. சொல்ற கதைப்படி பூர்வீகம் காஞ்சிபுரம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு அண்ணன் தம்பிங்க அங்கிருந்து கிளம்பி ஆளுக்கொரு மலைக்குப் போனாங்க. ஒரு கதையில நடுவண்ணன் வந்த மலை இது. யாரு எந்த மலைங்கிறது மலைக்கு மலை மாறும், ஒவ்வொருத்தரும் தங்க மலைக்குத்தான் பெரியவர் வந்தார்னு சொன்னாலும் ஆச்சரியமில்லை. ஊர்களைச் சேர்த்து நாடுன்னு பிரிச்சுக்கிட்டாங்க. வண்ணாடு, கோம்பை, தென்பரநாடுன்னு இன்னைக்குப் பஞ்சாயத்துக்கும் அதே பேருதான்.

இந்தக் கதைகளை இங்கிலீஷ்ல எழுதி வச்சவங்கள்ல முக்கியமான ஆள் எட்கர் தர்ஸ்டன். சென்னை மியூசியம் கண்காணிப்பாளர். 1901-ல ஆரம்பிச்ச இனவரைவியல் சர்வேக்கு மாகாணப் பொறுப்பாளர். ரங்காச்சாரியோட சேர்ந்து 1909-ல ஏழு தொகுதியாப் போட்ட புத்தகத்துல மலையாளிகளுக்கும் தனி அத்தியாயம் உண்டு. அவர் போற இடமெல்லாம் ஒரு கையில கேமரா, இன்னொரு கையில அளவுகோல். மூக்கு எவ்வளவு அகலம், மண்டை எவ்வளவு நீளம்னு அளந்து எழுதறது அப்போதைய சயின்ஸ். இப்போ அதைக் குப்பைன்னு தூக்கிப் போட்டாச்சு. அவரே எழுதி வச்ச ரெண்டு சங்கதி மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. வயநாட்டுல பணியப் பொம்பளைங்க இவரைப் பார்த்ததும் ஓடிட்டாங்களாம். ஏன்னா, நல்லா இருக்கறவங்களாப் பார்த்துப் புடிச்சு, பஞ்சு அடைச்சு மியூசியத்துல வைக்கப் போறார்னு பயம். நீலகிரியில ஒரு இருளர் உயரம் அளக்க மாட்டேன்னு நின்னுட்டாராம். அளக்குற கம்பம் அவருக்குத் தூக்குமரமாத் தெரிஞ்சிருக்கு.

தர்ஸ்டன் இதை ஜோக்கா எழுதியிருக்கார். நானும் முதல் தடவை படிச்சப்ப சிரிச்சேன்.

ரெண்டாவது நாள் காலையில ஆறரை மணி. வெளிச்சம் கொள்ளை அழகு. பள்ளத்துல கொஞ்சம் மூட்டம் தேங்கி நிக்குது, செம்மண் பாதை பழுத்த மாதிரி மின்னுது. தூரத்துல முந்திரித் தோப்போரம் ஒரு பாட்டி உக்காந்து பழத்துல இருந்து கொட்டையைத் திருகித் திருகிக் கூடையில போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் லென்ஸை நீட்டி, எடுத்துட்டேன். கேக்கலை. இத்தனை தூரத்துல இருந்து தெரியவா போகுதுன்னு ஒரு தைரியம்.

தெரிஞ்சிருக்கு. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தாங்க.

"எதுக்கு தம்பி எடுத்த?"

"சும்மாதான் ஆயா."

"சும்மாவா? சும்மா எடுக்கவா இம்மாந் தூரம் வந்த?"

பதில் இல்லை. அமைதியான சமவெளியைப் படம் புடிக்க வந்தேன்னு அவங்ககிட்ட எந்தத் தமிழ்ல சொல்றது? படத்தைக் காட்டி, அவங்க கண்ணு முன்னாடியே அழிச்சேன். நல்ல படம்ங்க. இப்பவும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனா அழிச்சது சரி.

அழிச்சதைப் பார்த்ததும் அவங்க கோபம் இறங்கிடுச்சு. பேச ஆரம்பிச்சாங்க. ஊரு ஏன் இப்படிச் சத்தமில்லாம இருக்குன்னு கேட்டேன். "கெழங்கு புடுங்கியாச்சு, மழை இன்னும் வரல. இருக்கறவன்லாம் வேலைக்கு எறங்கிட்டான்"ன்னாங்க. மகன் கேரளாவுல தோட்ட வேலை, மருமகளும் கூட. பேரன் கீழே விடுதியில தங்கிப் படிக்கிறான். அப்பதான் எனக்கு உறைச்சது. நான் நேத்து பூரா இயற்கையோட அமைதின்னு நெனைச்சு எடுத்தது, ஊர்ல பாதிப் பேர் இல்லாத சத்தமின்மை. ஆடியில மழை விழுந்து விதைப்புக்கு ஆள் திரும்பினா இந்த இடம் இப்படி இருக்காது.

மரவள்ளியும் கூட ரொம்பப் பழைய பயிர் இல்லை இங்க. தாத்தா காலத்துல சாமை, தினை, வரகுதான்னாங்க. ரெண்டாம் உலகப்போர்ல மலேயாப் பக்கமிருந்து ஜவ்வரிசி வர்றது நின்னுபோய், சேலத்துல ஜவ்வரிசி ஆலைங்க முளைச்சுது. அந்த ஆலைங்களுக்குக் கிழங்கு கொடுக்கத்தான் இந்தச் சுத்துவட்டாரத்து மலையெல்லாம் மரவள்ளிக்கு மாறிச்சு. கிழங்கு விலை ஆலையில முடிவாகும், இவங்க கையில இல்லை. விலை விழுந்த வருஷம் கூலிக்கு இறங்குறது கூடும். அப்படி இறங்கினவங்க எங்கெல்லாம் போய் மாட்டினாங்கங்கிறது சின்ன விஷயம் இல்லை. 2015 ஏப்ரல் 7-ல சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டினதாச் சொல்லி ஆந்திரப் போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்னுச்சே, அதுல பலர் ஜவ்வாது, சித்தேரி மலைப் பக்கத்து மலையாளிங்க. அவங்க முகத்தை நாம முதல் தடவையா பேப்பர்ல பார்த்தது அன்னைக்குத்தான், அதுவும் எந்த நிலைமையில!

பேச்சு பேரன் படிப்புக்குத் திரும்பிச்சு. சாதிச் சான்றிதழ். பழங்குடிப் பட்டியல்ல மலையாளின்னு மட்டும் போட்டிருக்க மாட்டாங்க, கூடவே ஜில்லாப் பேரையும் போட்டிருப்பாங்க. தர்மபுரி, சேலம், வடஆற்காடு, தென்னாற்காடு, புதுக்கோட்டை, திருச்சி. பர்கூர் மலையில இருந்த அதே சனங்க, ஈரோடு அந்தப் பட்டியல்ல இல்லைங்கறதுக்காகப் பல வருஷம் போராடினாங்க. எங்க ஜில்லா கதை தனிக் காமெடி. 1995-ல திருச்சியில இருந்து பெரம்பலூர் பிரிஞ்சுது. 2001-ல அதுல இருந்து அரியலூர், 2002-ல மறுபடி சேர்த்தாங்க, 2007-ல மறுபடி பிரிச்சாங்க. மலை அங்கேயேதான் இருக்கு, கோடு மட்டும் அதுமேல நகர்ந்துக்கிட்டே இருக்கு. ஒரு தடவை ஏதோ ஒரு ஆபீஸ்ல, தாத்தா காலத்து படம், பத்திரம் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாங்களாம். "நாங்க எங்க தம்பி படம் புடிச்சோம்?"னாங்க ஆயா. பேரனுக்குக் கடைசியில சான்றிதழ் வந்துடுச்சு. ஆனா அலைஞ்சதுல ஒரு வருஷம் போச்சு.

தகரப்பெட்டி நிறைய படம் வச்சிருக்கிற வீட்டுல வளர்ந்தவனுக்கு இது புதுசு. படம் இல்லாம போனா என்ன நட்டம்னு நான் அதுவரைக்கும் யோசிச்சதே இல்லை. தர்ஸ்டன் மாதிரி ஆளுங்க அளந்ததெல்லாம் புத்தகத்துல இருக்கு. அளக்கப்பட்டவங்க வீட்டுல ஒரு பிரதி கூட இல்லை.

அப்புறம் ஆயா வீட்டுக்குள்ள போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு வந்தாங்க. உள்ளே அவங்க வீட்டுக்காரரோட பழைய வாக்காளர் அட்டை. சேஷன் தேர்தல் கமிஷனரா இருந்தப்ப 1993-ல ஆரம்பிச்சு வச்சாரே, அந்தக் கருப்பு வெள்ளை அட்டை. எல்லார் முகமும் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கும்னு நாம கிண்டல் பண்ணுவோமே, அதேதான். அவர் தவறிப் பல வருஷம் ஆச்சாம். அவர் முகம் பூமியில இருக்கிறது அந்தத் தபால்தலை அளவு கட்டத்துல மட்டும். "இதைப் பெருசா போட்டுத் தர முடியுமா தம்பி?"

அட்டையைத் திண்ணையில வச்சு, நிழல் விழாம பத்துப் படம் எடுத்தேன். அந்தப் பயணத்துல நான் ரொம்ப யோசிச்சு எடுத்தது அதுதான்.

இறங்குறதுக்கு முன்னாடி கிழக்கு விளிம்புக்குப் போனேன். கீழே பெரம்பலூர்ச் சமவெளி. ஏரி, பருத்திக்காடு, வெங்காயப் பட்டறை எதுவும் தெரியலை, எல்லாம் பால் மாதிரி ஒரே மூட்டம். அந்தத் திசையில சாத்தனூர்ல 18 மீட்டர் நீளக் கல்மரம் கெடக்கு. 1940-ல புவியியல் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்சது. அதையும் தாண்டினா அரியலூர் பக்கம் பூரா கிளிஞ்சல், சங்கு, நத்தைப் படிவம். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல். பிளான்போர்டு 1862-லயே அந்தப் பாறையெல்லாம் பிரிச்சு எழுதி வச்சுட்டார். மூட்டத்தைப் பார்க்கப் பார்க்க கடல் இன்னும் போகலையோன்னு இருந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். வெறும் வெள்ளை.

ஊருக்கு வந்ததும் பெரம்பலூர் ஸ்டுடியோ ஒண்ணுல அட்டைப் படத்தைக் கொடுத்தேன். தம்பி ஒருத்தன் கம்ப்யூட்டர்ல ஏத்திப் புள்ளியெல்லாம் நீக்கினான். "அண்ணே, பின்னாடி மலை சீனரி போடட்டுமா? சூப்பரா இருக்கும்"ன்னான். வேணாம்னேன். சட்டம் மட்டும் அரும்பாவூர்லயே போட்டுக்கிட்டேன். எங்க ஊரு மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சது தெரிஞ்சிருக்கும். சாமி வாகனம், தேர்ச் சிற்பம் எல்லாம் இங்கிருந்து வெளியூருக்குப் போகும். அம்மாயிக்குத் தெரிஞ்ச பட்டறையில, தேர்ப் பலகை செதுக்கினதுல மிச்சமான பூவரசுத் துண்டைச் சட்டமாக்கித் தந்தார் ஆசாரி. அந்தக் காலத்துல மரமெல்லாம் அந்த மலையில இருந்துதான் இறங்கும்னு சொல்லிக்கிட்டே இழைச்சார். காசு வாங்கலை.

ஜூன் கடைசியில மறுபடி மேல போனேன். ஒரு மழை பெஞ்சிருந்தது. அம்மாயி சொன்னது சரிதான், பச்சை. ஆயா படத்தை வாங்கி, சட்டத்தை முந்தானையால தொடைச்சு, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "மூஞ்சி அவருதுதான். சட்டைதான் அவரு சட்டை இல்ல. படம் புடிக்க ஆளு வந்தப்ப பக்கத்து வீட்டுல வாங்கிப் போட்டுக்கிட்டு நின்னாரு"ன்னு சிரிச்சாங்க.

உங்களையும் ஒண்ணு எடுக்கட்டுமா ஆயான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க. ஒரு பலாப்பழத்தைக் கொண்டாந்து திண்ணையில வச்சாங்க. வண்டியில கட்ட கயிறு இல்லை. கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, லென்ஸைச் சட்டைப்பைக்குள்ள திணிச்சுக்கிட்டு, கேமராப் பைக்குள்ள பழத்தை இறக்கி ஜிப்பைப் பாதி மூடி, மெதுவா இறங்கினேன்.